ஊசி போடறவங்க காதுல

ராமக்காள் முதலில் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் வார்த்தை மஞ்சள். யெல்லோ. அடுத்தது மூத்திரம். இரண்டையும் சேர்த்துச் சொன்ன அன்று மாசி வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையிலும் மணிக்கட்டு வரைக்கும் புளி ஒட்டியிருந்தது.

"யூரின் யெல்லோ" என்றாள்.

"யூரின் ஈஸ் யெல்லோ. நடுவுல ஈஸ் போடணும்க்கா" என்றாள் ஜெயபிரியா.

"ஈஸ் போடலன்னா வெள்ளையாப் போயிருமா?"

ஜெயபிரியா சிரித்தாள். பக்கத்து வீட்டு மருமகள். கல்யாணத்துக்கு முன்னால் நல்லம்பள்ளியில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் யூகேஜிக்கு இரண்டு வருசம் பாடம் எடுத்தவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, இப்போது ராமக்காளோடு சேர்ந்து வியாபாரி இறக்கிவிட்டுப் போகிற மூட்டைப் புளியைத் தட்டுகிறாள். ஓட்டை உடைக்க வேண்டும், நாரை இழுக்க வேண்டும், பழத்தைக் கல்லின்மேல் வைத்துச் சின்ன இரும்புச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டிக் கொட்டையைப் பிதுக்க வேண்டும். கை அதன் பாட்டுக்குப் போகும். வாய் சும்மாதான் இருக்கும். அந்த வாய்க்குத்தான் ராமக்காள் வேலை கொடுத்திருந்தாள்.

பாப்பிரெட்டிப்பட்டியைச் சுற்றி மாசி, பங்குனியில் புளி இல்லாத வாசல் இருக்காது. போன வருசம் வரைக்கும் ராமக்காளின் புருசன் அர்ச்சுனன் மரம் ஏறி உலுக்குகிறவன். நாற்பதடி உயரத்தில் நின்றுகொண்டு கிளையை மிதித்தால் கீழே பெண்கள் முக்காட்டைத் தலையில் இழுத்துக்கொண்டு ஓடுவார்கள். இந்த வருசம் அவன் உள்ளே கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். முத்து உதிர்த்த மக்காச்சோளச் சக்கையால் காலைச் சொறிந்துகொண்டிருந்தான். நகத்தால் சொறிந்து ரத்தம் வந்ததால் ராமக்காள் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டாள். சக்கை அவன் கண்டுபிடித்தது. சரக், சரக் என்று அந்தச் சத்தம் வாசல் வரைக்கும் வந்துகொண்டே இருக்கும். நின்றுவிட்டால் ராமக்காளுக்குப் பயமாக இருந்தது.

"சரி, வலிக்கு என்னா சொல்றது?"

"பெயின்."

"எந்த வலிக்கு?"

"எல்லா வலிக்கும் பெயின்தான்க்கா."

ராமக்காள் சுத்தியை வைத்துவிட்டாள். "அதெப்பிடி? அவருக்கு வெலாவுல குத்துது. வவுத்தப் பிசையுது. தொடை உளையுது. நெஞ்சு கரிக்குது. காலு கடுக்குது. எல்லாத்துக்கும் ஒண்ணேவா?"

"பர்னிங்னு ஒண்ணு இருக்குது. எரியறதுக்கு."

"உங்க இங்கிலீஸ்காரனுக்கு வவுறே கெடையாதாட்டம் இருக்குது."

உள்ளேயிருந்து அர்ச்சுனனின் குரல் வந்தது. "வவுறு இருந்தா இங்க எதுக்குடி வந்து நம்ம நெல்லத் தின்னான்?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அர்ச்சுனன் சிரித்த சிரிப்பு குமட்டலில் போய் முடிந்தது. ராமக்காள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். காலையில் குடித்த உப்பில்லாத அரிசிக் கஞ்சி அப்படியே சட்டியில் விழுந்தது. களி தின்று வளர்ந்த உடம்பு. இரண்டு உருண்டைக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் உள்ளே போனால்தான் அவனுக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். இப்போது களி கிண்டுகிற வாடை வந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறான். அதனால் ராமக்காளும் களி கிண்டுவதை விட்டுவிட்டாள்.

"வாமிட்" என்று வாசலிலிருந்து ஜெயபிரியா மெதுவாகச் சொன்னாள். "வாந்தின்னா வாமிட்க்கா."

"வாமிட்" என்று ராமக்காள் உள்ளேயிருந்து சொன்னாள். அவன் நெற்றியைப் பிடித்திருந்தாள்.

தை பிறந்து பத்தாம் நாள் அவன் கண் மஞ்சளாயிற்று. மஞ்சள் காமாலை என்றால் அந்தப் பக்கத்தில் யாரும் முதலில் டாக்டரிடம் போவதில்லை. ராமக்காளின் அண்ணன் சின்னனிடம்தான் போவார்கள். சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிற அவன் வாசலில் ஞாயிற்றுக்கிழமை விடியும்போது முப்பது நாற்பது பேர் நிற்பார்கள். கீழாநெல்லி இல்லை, அது எல்லாருக்கும் தெரிந்தது. இது மலையிலிருந்து வருகிற வேறு இலை. நான்கு தலைமுறையாக அந்தக் குடும்பத்தின் கையில் இருக்கிறது. வெறும் வயிற்றில், ஆட்டுப்பாலில், ஒரு நெல்லிக்காய் அளவு. காசு வாங்கக் கூடாது. இலையின் பெயரைக் குடும்பத்துக்கு வெளியே சொல்லக் கூடாது. மருந்து கொடுத்த சேதி ஊசி போடுகிறவர் காதில் விழக் கூடாது. விழுந்தால் அந்தக் குடும்பத்துக் கை செத்துவிடும். அப்புறம் யாருக்குக் கொடுத்தாலும் அது ஆடு தின்கிற தழைதான்.

ராமக்காளும் அந்தக் கைதான். புருசனுக்கு அவளே அரைத்துக் கொடுத்தாள். மூன்று ஞாயிறு கொடுத்தும் மஞ்சள் இறங்கவில்லை, ஏறியது. தருமபுரி பெரியாசுபத்திரியில் பத்து நாள் வைத்திருந்தார்கள். கொஞ்சம் இறங்கியது. ஈரலுக்கென்றே இருக்கிற டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்று சீட்டு எழுதி அனுப்பினார்கள். இறங்கியது ஆஸ்பத்திரியாலா இலையாலா என்று அவள் யோசித்தாள். இலை மெதுவாக வேலை செய்யும் என்று அண்ணன் சொன்னான். மூன்று ஞாயிறில் கேட்கவில்லை என்றால் அடுத்த மூன்று ஞாயிறுக்கு இரட்டை அளவு கொடுக்க வேண்டும் என்பது குடும்பத்து முறை. வீட்டுக்கு வந்த மறுநாள் ஞாயிறு. ராமக்காள் இரண்டு நெல்லிக்காய் அளவு உருட்டினாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் பெங்களூர் போனார்கள். மகள் கிருஷ்ணகிரிப் பக்கம் கட்டிக்கொடுத்த வீட்டில் பிள்ளை பெற்றுப் பதினெட்டு நாள். அவளால் வர முடியாது. அர்ச்சுனனின் அக்கா மகன் தங்கராஜ் பெங்களூரில் செல்போன் கடையில் வேலை பார்க்கிறான். அவன்தான் பேசுவதற்கு வந்தான். டாக்டர் சின்ன வயதுப் பெண். வடக்கே எங்கேயோ. அவருக்குத் தமிழும் தெரியாது, கன்னடமும் சரியாக வராது. தமிழ் தெரிந்த ஒரு வார்டுக்காரர் இருந்தார். அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ராமக்காள் தங்கராஜைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணில் ஆரம்பித்தது, தொடைக்கு வந்த அரிப்பு, வெளிக்குப் போனால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் போவது, கஞ்சி வயிற்றில் எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தப் பக்கம் படுத்தால் குத்துகிறது, தூக்கத்தில் என்ன உளறுகிறான் என்பதுவரை. தங்கராஜ் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். பிறகு டாக்டரைப் பார்த்து, "ஹீ ஹேஸ் ஜாண்டிஸ் மேடம். ஒன் மன்த்" என்றான்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் ராமக்காள்.

"அவ்ளோதான் அத்தை."

"நான் எம்மா நேரம் சொன்னேன்!"

"இங்கிலீஷு சுருக்கமான பாஷை அத்தை."

டாக்டர் ஏதோ கேட்டார். தங்கராஜ் இவர்கள் பக்கம் திரும்பாமலே "நோ, நோ" என்றான். பஸ் ஏற்றிவிட வந்தவனிடம் அது என்ன கேள்வி என்று ராமக்காள் கேட்டாள்.

"வேற மருந்து எதாச்சும் குடுத்தீங்களான்னு கேட்டாங்க. இல்லன்னுட்டேன். எலை தழைன்னு சொன்னா சத்தம் போடுவாங்க அத்தை."

அப்போது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஓசூர் தாண்டும்வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகுதான், இவன் இன்னும் எதையெல்லாம் சொல்லாமல் விட்டான் என்று எண்ண ஆரம்பித்தாள். வெள்ளையாகப் போவதைச் சொன்னானா? உளறுவதைச் சொன்னானா? ஒன்றையும் சொல்லவில்லை. ஒரு மனுசனின் உடம்பை இரண்டு வார்த்தையில் கட்டிக் கொடுத்துவிட்டான். அந்த இரண்டு வார்த்தைக்குத்தான் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அடுத்து வரச் சொன்ன திங்கட்கிழமைக்குப் பதிமூன்று நாள் இருந்தது. மறுநாள் காலையில் புளி மூட்டையைப் பிரிக்கும்போதே ஜெயபிரியாவிடம் இங்கிலீஷ் சொல்லித் தரச் சொல்லிக் கேட்டுவிட்டாள்.

நடுவில் ஒரு நாள் ஊரிலேயே ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். ரிப்போர்ட்டைத் தங்கராஜ் டாக்டருக்கு அனுப்பினான். காமாலை எண் ஏறியிருக்கிறது, ஏன் ஏறுகிறது என்று தெரியவில்லை, திங்கட்கிழமை கட்டாயம் வர வேண்டும் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து பாடம் இரண்டு வேளை நடந்தது.

ஜெயபிரியா டாக்டராக உட்காருவாள். குழந்தை அவள் மடியில் புளியங்கொட்டையை வாயில் போடப் பார்க்கும். தட்டிவிட்டுக்கொண்டே கேள்வி கேட்பாள்.

"ஹவ் மெனி டேஸ்?"

"ஃபார்ட்டி டேஸ்."

"இச்சிங்?"

"யெஸ் மேடம். ஃபுல் பாடி. நைட் நோ ஸ்லீப்."

"டஸ் ஹி டிரிங்க்?"

"தண்ணியா? கஞ்சிதான் குடிக்கிறாரு."

"சாராயம்க்கா. சாராயம் குடிப்பாரான்னு கேக்கறாங்க."

"அதுக்கு ஒண்ணும் தனியா வார்த்த இல்லியா? குடிச்சாலே சாராயந்தானா? நல்ல சனம்!"

"தீவாளிக்கு, தீவாளிக்கு" என்றான் உள்ளேயிருந்து அர்ச்சுனன். "ஒன்லி தீவாளி மேடம்."

"உங்கள யாரு கேட்டது?" என்றாள் ராமக்காள்.

"நாலு செவுத்துக்குள்ள கெடக்கறவனுக்கு வேற என்னா வேல? நீ மறந்துட்டாலும் நான் சொல்லுவேன். யூரின் ஈஸ் டார்க் யெல்லோ. டார்க்க நீ விட்டுட்டே இருக்கற."

அது உண்மைதான். அவன் அவளைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டான். கண்ணை மூடிக்கொண்டே கேட்பான், கேட்டது தங்கிவிடும்.

"எனி நேட்டிவ் மெடிசின்?" என்று ஜெயபிரியா கேட்டாள்.

"அப்பிடின்னா?"

"நாட்டு மருந்து எதுனா சாப்ட்டாரான்னு. லீஃப்னா எலை. எங்க மாமியாளக் கூட்டிப் போனப்ப மொதல்ல கேட்டதே இதுதான். கட்டாயம் கேப்பாங்கக்கா."

ராமக்காளின் சுத்தி கல்லில் பட்டு வழுக்கியது. "அது வேணாம். அத்தச் சொல்லித் தராத."

"ஏன்?"

"சொல்லித் தந்தா புரிஞ்சிரும்ல."

ஜெயபிரியா சுத்தியைக் கீழே வைத்தாள். சின்னன் இலை கொடுக்கிறது ஊருக்கே தெரியும். அவள் மாமனாருக்கே கொடுத்திருக்கிறான், அவரும் எழுந்து நடமாடுகிறார். ஆனாலும் அவள் கேட்டாள்: "குடுத்ததுக்கு அப்பறம் அண்ணனுக்குத் தேவலையா இருக்குதாக்கா?"

"இருக்குது."

"நெசமா?"

"உங்கிட்ட இங்கிலீசுதான் கேட்டேன். அத்த மட்டும் சொல்லு."

ஜெயபிரியா முகம் சுருங்கிப் போனது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "மத்ததெல்லாம் சொல்லி, அத்த மட்டும் மறைக்கறதுக்கு இத்தனை பாடம் எதுக்குக்கா? தங்கராஜே போதுமே" என்றாள். வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் வந்தாள், ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்து, "ஸ்வெல்லிங். வீக்கம்" என்று ஆரம்பித்தாள். அர்ச்சுனனின் கால் அப்போது வீங்கத் தொடங்கியிருந்தது. விரலால் அமுக்கினால் குழி அப்படியே நின்றது.

திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு சின்னன் வந்தான். இரட்டை அளவில் இது மூன்றாவது. ஈரத்துணியில் சுருட்டி, துணியை மடியில் கட்டி, யார் முகத்தையும் பார்க்காமல் எட்டு மைல் நடந்தே வந்திருந்தான். கால் முழுக்கப் புழுதி. ராமக்காள் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரப்புடவையோடு அரைக்க உட்கார்ந்தாள். அரைக்கும்போது பேசக் கூடாது. அவள் பேசினாள்.

"ண்ணா, குடுத்த ரெண்டு நாளைக்கு அவரு ரொம்பத் தள்ளாடறாரு."

"நஞ்சு வெளிய வருது பாப்பா."

"ஆசுபத்திரில பத்து நாளு எலை இல்ல. அப்ப எறங்குச்சு."

"முன்னாடி மூணு வாரம் குடுத்தது அப்பத்தான் வேல செஞ்சுது."

"அப்ப இப்ப ஏறறது?"

சின்னன் ஈரத்துணியை உதறி மடித்தான். அவன் ஏமாற்றுக்காரன் இல்லை. ஒருவரிடமும் ஒரு வெற்றிலைகூட வாங்கினதில்லை. தன் மகன் ஆறு வயதில் மஞ்சளாகக் கிடந்தபோது இதே இலையைக் கொடுத்து, மூன்று நாள் பக்கத்திலேயே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவன். மகன் பிழைத்தான். அதற்குப் பிறகு அவனை யாரும் எதுவும் கேட்டதில்லை. இன்றைக்குத் தங்கை கேட்டுவிட்டாள்.

"நாளைக்கு டாக்டரம்மா கேட்டா?" என்றாள்.

"இங்கிலீசு தெரியாதுன்னு சொல்லு."

"இப்ப தெரியும்ண்ணா."

"சொல்லிடாத பாப்பா. நம்ம அப்பன் சாவும்போது எங் கையப் புடிச்சிக்கிட்டு சொன்னதே அது ஒண்ணுதான். இன்னிக்குக் காலையில நாப்பது பேரு வந்தாங்க. கைப்புள்ளையத் தூக்கிட்டு ஒரு பொம்பள கொளகம்பட்டில இருந்து வந்திருக்குது. கையி போச்சுன்னா அவங்களுக்கெல்லாம் நான் என்னாத்தக் குடுக்கறது?"

கட்டிலிலிருந்து அர்ச்சுனன் கையை நீட்டினான். "கொண்டாடி. மச்சான் எட்டு மைலு நடந்து வந்திருக்காரு." உருண்டையை வாயில் போட்டு ஆட்டுப்பாலைக் குடித்தான். கண்ணைக் கெட்டியாக மூடி முழுங்கினான். "பர்னிங்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். தருமபுரியில் மாறி ஏறினார்கள். அர்ச்சுனன் வழி முழுக்கத் தூங்கினான். தோளில் சாய்ந்த தலை கனத்தது. பகலில் இப்படித் தூங்குகிற ஆள் இல்லை அவன். ராமக்காள் அவன் காதுக்கு மேல் வாயை வைத்து வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். முன் சீட்டுக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் தங்கராஜ் இல்லை. கடையில் விடவில்லையாம், மத்தியானம் வருகிறேன் என்று போனில் சொன்னான். சக்கர நாற்காலியை ராமக்காளே தள்ளிக்கொண்டு போனாள். பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய், நாற்காலியை நிறுத்தி, உட்காராமல் நின்றுகொண்டே ஆரம்பித்தாள்.

"குட் மார்னிங் மேடம். மை ஹஸ்பெண்ட் அர்ச்சுனன். ஃபார்ட்டி ஃபோர் டேஸ் ஜாண்டிஸ். யூரின் ஈஸ் டார்க் யெல்லோ. மோஷன் ஈஸ் ஒயிட். ஃபுல் பாடி இச்சிங். நைட் நோ ஸ்லீப், டே ஸ்லீப். ஃபுட் கோ, வாமிட் கம். லெக் ஸ்வெல்லிங்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்தது. போன தடவை சுவரோடு நின்ற பொம்பளையா இது என்று பார்க்கிற பார்வை. பிறகு அவர் பேசினார். படபடவென்று, மழை தகரத்தில் விழுகிற மாதிரி. ராமக்காளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சொல்வதற்குத்தான் படித்திருந்தாள், கேட்பதற்கு இல்லை. ஜெயபிரியா கேட்கும்போது ஒவ்வொரு வார்த்தையாக வரும், பதிலுக்காக நிற்கும். இங்கே எதுவும் நிற்கவில்லை. நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஸ்லோ மேடம்" என்றாள். "ஐ தர்ட்டீன் டேஸ் இங்கிலீஷ். ஸ்லோ."

டாக்டர் சிரித்துவிட்டார். நல்ல சிரிப்பு. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். அர்ச்சுனனின் கண்ணை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டினார், இரண்டு கையையும் நீட்டி விரலை விரிக்கச் சொன்னார். விரல்கள் நின்ற இடத்தில் நிற்காமல் தொங்கித் தொங்கி எழுந்தன. டாக்டர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"எனி அதர் மெடிசின்?" என்றார்.

ராமக்காள் வாயைத் திறப்பதற்குள் அர்ச்சுனன் முந்திக்கொண்டான். அரைத் தூக்கத்தில் இருந்தவன் தலையைத் தூக்கி, தெளிவாக, உரக்கச் சொன்னான்.

"நோ மேடம். நோ லீஃப்."

மருந்துச் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"லீஃப்?" என்றார் டாக்டர். "ஐ டிடின்ட் ஆஸ்க் லீஃப். வாட் லீஃப்?"

அர்ச்சுனன் வாயை மூடிக்கொண்டான். அவளைக் காப்பாற்றுவதற்காகத்தான் சொன்னான் என்று ராமக்காளுக்குத் தெரிந்தது. டாக்டர் இப்போது அவளைப் பார்த்தார். கேள்வி புரியவில்லை என்று தலையை ஆட்டினால் போதும், நம்பிவிடுவார். பதிமூன்று நாளைக்கு முன்னால் அது பொய்யாகக்கூட இருந்திருக்காது. கைப்பிள்ளையோடு நின்ற பொம்பளையை அவள் பார்த்ததில்லை, ஆனால் அந்தப் பிள்ளை மஞ்சளாகக் கண்ணுக்குள் வந்து நின்றது. நாற்காலியில் தொங்கிய விரல்களைப் பார்த்தாள்.

"லீஃப் மேடம்" என்றாள். "மவுண்டன் லீஃப்." அதற்கு மேல் வார்த்தை இல்லை. வலது கையை மூடி இடது உள்ளங்கையில் வைத்து அரைத்துக் காட்டினாள். உருட்டிக் காட்டினாள். வாயில் போட்டுக் காட்டினாள். "த்ரீ சண்டே ஒன் ஒன். த்ரீ சண்டே டூ டூ. லாஸ்ட் யெஸ்டர்டே."

"யெஸ்டர்டே? ஹூ கேவ் ஹிம்?"

"ஐ கிவ்" என்றாள். கையை நீட்டிக் காட்டினாள். புளிக் கறை ஏறிய கை. "ஐ."

"ஏ, வேணாண்டி" என்றான் அர்ச்சுனன்.

டாக்டர் இலையின் பெயரைக் கேட்டார். ராமக்காள் சொன்னாள். சொந்த மகளுக்கே இன்னும் சொல்லாத பெயர். டாக்டருக்கு வாயில் நுழையவில்லை, மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். நர்ஸ் மலையாளத்துக்காரி, அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு, "ஒரு தடவ கூடி மெல்ல சொல்லூ சேச்சி" என்றாள். மூன்றாம் முறையும் சொன்னாள். ஒன்றும் இடிந்து விழவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டர் போனை எடுத்து யாரோ பெரிய டாக்டரிடம் பேசினார். நடுநடுவே அந்த இலையின் பெயர், கோணல்மாணலாக, ஆனாலும் அதுதான் என்று அடையாளம் தெரிகிற மாதிரி, வந்து வந்து போனது. டாக்டர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று ராமக்காளுக்கு இருந்தது.

உடனே சேர்க்கச் சொன்னார்கள். ஸ்ட்ரெச்சர் வந்தது. டாக்டர் ராமக்காளின் தோளைப் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். "நோ மோர் லீஃப். ஸ்டாப். டூ டேஸ், த்ரீ டேஸ், வீ சீ. டூ மச் ஸ்லீப், கால் நர்ஸ். டாக்கிங் ராங், கால் நர்ஸ். ஓகே?"

எல்லாம் புரிந்தது. எல்லாம் புரிந்ததுதான் பயமாக இருந்தது. டூ மச் ஸ்லீப் இன்றைக்குக் காலையிலேயே வந்துவிட்டது. அதையும் சொன்னாள். டாக்டர் தலையை மெதுவாக ஆட்டினார். "லிவர் இஸ் வெரி வீக்" என்றார்.

"ஹீ லிவ்?" என்றாள் ராமக்காள்.

டாக்டர் பதிலுக்கு அவள் கையைப் பிடித்து அழுத்தினார். அதற்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை.

லிஃப்ட் வாசலில் ஸ்ட்ரெச்சர் நின்றபோது அர்ச்சுனன் கண்ணைத் திறந்தான். "ஏன் சொன்ன?"

"கேட்டாங்க. புரிஞ்சிச்சு."

"உங்கண்ணனுக்கு என்னா பதிலு சொல்லுவ?"

"நீங்க மொதல்ல கண்ணத் தொறந்து வெச்சிக்கிட்டிருங்க. தூங்கக் கூடாதாம்."

"தூக்கம் வருதுடி."

"வந்தா வரட்டும். பேசிக்கிட்டே இருங்க. யூரின் என்னா கலரு, சொல்லுங்க."

"டார்க்" என்றான். கதவு மூடிக்கொண்டது.

மேலே கண்ணாடிக் கதவுக்குள் அவளை விடவில்லை. வெளியே தரையில் உட்கார்ந்திருந்த ஜனங்களோடு அவளும் உட்கார்ந்தாள். தங்கராஜ் வந்து சீட்டுகளை வாங்கிக்கொண்டு எங்கேயோ ஓடினான். பக்கத்தில் ஒரு கிழவர் கன்னடத்தில் யாருக்கு என்ன என்று கேட்டார். அவள் கண்ணாடிக் கதவைக் கையால் காட்டினாள். மூன்று மணி வாக்கில் சின்னனின் போன் வந்தது. பின்னால் ஆடுகள் கத்துகிற சத்தம் கேட்டது.

"டாக்டரம்மா என்னா சொன்னாங்க பாப்பா?"

"சேத்துக்கிட்டாங்க. ரெண்டு மூணு நாளு போவணுமாம், எதுவும் சொல்றதுக்கு."

"எலையப் பத்தி எதுவும் கேக்கலியே?"

"கேட்டாங்க. சொல்லிட்டேன்."

ஆடுகளின் சத்தம் தூரப் போனது, அவன் தள்ளி நடந்து வந்திருந்தான்.

"பேரையுமா?"

"பேரையும்தான். மூணு தாட்டி."

"பாவி. நாலு தலமொற கையி. ஒரு நாளுல முடிச்சிட்டியே. வர்ற ஞாயித்துக்கெளம சனம் வந்து நிக்குமே, நான் என்னான்னு சொல்லுவேன்?"

"ஞாயித்துக்கெளம வரைக்கும் எதுக்கு இருக்கற? நேத்து குடுத்தல்ல நாப்பது பேருக்கு, அவங்க வூடு எங்கெங்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். எதுக்கு?"

"இப்பவே கெளம்பு. மொதல்ல கொளகம்பட்டி. அந்தக் கைப்புள்ள வூட்டுக்குப் போ. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடச் சொல்லு. என்னா குடுத்தேன்னு நீயே கூடப் போயி டாக்டருகிட்டச் சொல்லு."

"என்னானு போயி நிக்கறது பாப்பா? எங் கையாலதான் குடுத்தேன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுச் சொல்றது?"

கண்ணாடிக் கதவு திறந்தது. நர்ஸ் வெளியே தலையை நீட்டி அர்ச்சுனனின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ராமக்காள் எழுந்தாள். போனை வைக்காமலே கதவுப் பக்கம் நடந்தாள்.

"நான் சொன்னேன்ல" என்றாள் போனில். "அதே மூஞ்சிதான். போ."